மருந்து அடிக்கும் முன் பெயரைக் கேளுங்கள்



கரந்தமலை எறும்பு வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. திருப்பூரில் இருக்கும் ஒரு மாணவர் அனுப்பினார். துபாயில் இருக்கும் ஒரு மாணவி அனுப்பினார். எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் நான்கு முறை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், இந்த எறும்பு நம்ம சித்தேரி மலைக்கும் வந்துடுச்சாமே, உண்மையா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்தபிறகும் பாடம் நடத்தியவன் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் இருக்கும் கரந்தமலைக் காட்டிலும் அதன் அடிவாரக் கிராமங்களிலும் ஒரு மஞ்சள் எறும்பு அளவுக்கு மீறிப் பெருகியது. காட்டுக்குள் நின்றால் காலில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் குடிக்கக்கூட உட்கார முடியவில்லை என்றார்கள் மக்கள். ஆடுமாடுகளின் கண்ணைச் சுற்றி மொய்த்துப் பார்வையைக் கெடுத்தது. ஆடு மேய்ப்பவர்கள் காட்டுப்பக்கம் போவதையே நிறுத்தினார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் அந்த ஊர்களுக்கு வந்து எழுதின. இதெல்லாம் உண்மை. வீடியோவில் பின்னணியில் ஒருவர் அலறுகிறாரே, "கண்ணைத் தின்னும் எறும்பு" என்று, அது மட்டும் உண்மை இல்லை. அந்த எறும்பு கண்ணைத் தின்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஒன்று பீய்ச்சினால் நமக்குத் தெரியாது. ஆயிரம் எறும்பு ஒரு கன்றுக்குட்டியின் கண்ணோரம் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்கள் பாடம் நடத்தியபோது சொன்னேனே, ஃபார்மிக்கா என்றால் லத்தீன் மொழியில் எறும்பு, அதிலிருந்துதான் அந்த அமிலத்துக்கே பெயர் என்று. கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிட்டேன்.

இனி நம் ஊர் விஷயம்.

போன வருஷம் தை மாசம், மாமரங்கள் பூத்திருந்த நேரம். தீர்த்தமலை போகும் வழியில் என் தம்பிக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூராவும் கொஞ்சம் செந்தூராவும். தம்பி மகன் ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறான். ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"பெரியப்பா, நத்தம் எறும்பு நம்ம தோப்புக்கே வந்துடுச்சு. மரத்துக்கு மரம் ஓடுது. மருந்து வாங்கி வச்சுட்டேன். சாயங்காலம் ஆள் வருது, எல்லா மரத்துக்கும் அடிச்சு, தரையிலயும் ஊத்திடலாம்னு இருக்கேன்."

"அது நத்தம் எறும்புதான்னு எப்படிப்பா தெரியும்?"

"வீடியோவுல பாத்தேனே பெரியப்பா. அதே கலர்."

"ஆளை நாளைக்கு வரச் சொல்லு. நான் வந்து பாத்துடறேன்."

மாம்பூவில் மருந்து என்றால் தேனீயும் போகும், பூவில் வந்து மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் போகும். தரையில் ஊற்றினால் பக்கத்துக் கிணறு இருக்கிறது. அவன் தோட்டக் கூலி, மருந்துச் செலவு என்று கணக்குப் போட்டால் சில ஆயிரங்கள். இத்தனையும் "அதே கலர்" என்ற ஒரு சொல்லை நம்பி. கலரை வைத்து ஆளை அடையாளம் சொல்லக் கூடாது என்று மனுஷர்களுக்கு ஒத்துக்கொள்கிறோம். எறும்புக்கும் அதே சட்டம்தான்.

இந்தியாவில் மட்டும் பெயர் வைக்கப்பட்ட எறும்பு வகைகள் எண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. உலகத்தில் பதினாலாயிரத்துக்கு மேல். மஞ்சளும் சிவப்புமாக இருப்பவை அதில் எத்தனையோ. அதனால் எறும்பைப் பார்க்கிறவர்கள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் இடுப்பைப் பார்ப்பார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே எறும்புக்கு ஒரு மெல்லிய இடுப்பு உண்டு. அதில் ஒரு கணு இருக்கிறதா, இரண்டு கணு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நெருப்பெறும்புக்கு இரண்டு கணு, வயிற்று நுனியில் கொடுக்கு. அமிலம் பீய்ச்சும் கூட்டத்துக்கு ஒரே கணு, கொடுக்கு கிடையாது, அந்த இடத்தில் வட்டமாக ஒரு சின்னத் துளை. அடுத்து உணர்கொம்பு. அது முழங்கை மாதிரி மடங்கி இருக்கும். அதில் எத்தனை துண்டுகள் என்று எண்ண வேண்டும். அதற்கு அடுத்து கால் நீளம், தலையின் வடிவம், மேலே முடி இருக்கிறதா என்பது. நிறம் அதற்கு அப்புறம்.

நகைக்கடையில் கல் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அது ஒன்று என்னிடம் பல வருஷமாக இருக்கிறது. அதையும், மூடி போட்ட இரண்டு கண்ணாடிக் குப்பிகளையும், ஒரு சானிடைசர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மரத்தில் ஓடியதைப் பார்த்த உடனேயே ஓரளவு தெரிந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் பச்சை இலைகளைச் சேர்த்து வெள்ளை நூலால் தைத்த மாதிரி ஒரு பந்து. அருகில் இன்னொன்று. கையை வைத்தால் பத்துப் பேர் சேர்ந்து கடித்துக் கடித்த இடத்திலேயே அமிலத்தையும் விடுவார்கள். ஊருக்கு ஊர் இதற்கு ஒரு பெயர்: முசுறு, முசுடு, செவ்வெறும்பு. சங்க இலக்கியத்தில் இதன் பெயர் முயிறு. நற்றிணைப் பாட்டு ஒன்றில் முயிறு மொய்க்கும் கூடு வருகிறது. நம் முன்னோர் இதைப் பார்த்து, மற்ற எறும்பிலிருந்து பிரித்துப் பெயர் வைத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது.

அவன் நம்பவில்லை. ஒன்றைப் பிடித்துக் குப்பியில் போட்டு, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐந்து நிமிஷம் வைத்தேன். குளிரில் எறும்பு அசையாமல் கிடக்கும், சாகாது. வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸை அவன் கையில் கொடுத்தேன்.

"இடுப்புல எத்தனை கணு?"

"ஒண்ணு."

"கொம்புல எத்தனை துண்டு? மெதுவா எண்ணு. அடியில இருக்கிற நீளத் துண்டையும் சேத்து."

மூன்று முறை எண்ணினான். மூன்றாவது முறை, "பன்னெண்டு பெரியப்பா" என்றான்.

கரந்தமலை எறும்புக்குப் பதினொன்று. உடம்பும் நாலைந்து மில்லிமீட்டர்தான். இவன் கையில் இருந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. ஆக, மரத்தில் இருந்தது முயிறு. அறிவியலில் ஈகோஃபில்லா ஸ்மராக்டினா.

அந்தப் பெயரைப் பற்றி இரண்டு வரி சொல்ல ஆசை. ஃபேப்ரிசியஸ் என்ற டென்மார்க்குக்காரர், லின்னேயஸிடம் படித்தவர், 1775-ல் இந்தியாவிலிருந்து போன மாதிரியைப் பார்த்து வைத்த பெயர் அது. ஸ்மராக்டினா என்றால் மரகத நிறம். வேலைக்கார எறும்பு சிவப்பாக இருக்கும்போது மரகதம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ராணி எறும்பு பச்சையாக இருக்கும். ஸ்மராக்டினா என்ற சொல்லை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நம் மரகதம் உள்ளே கேட்கும். இரண்டும் உறவுச் சொற்கள்தான்.

இன்று உயிரோடு இருக்கும் ஈகோஃபில்லாக்கள் உலகத்திலேயே இரண்டே வகைதான். நம்முடையது இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை. இன்னொன்று ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கிறது, ஈகோஃபில்லா லாங்கினோடா. 1802-ல் லாட்ரெய் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். நீண்ட கணு என்று பொருள். பாருங்கள், அவரும் இடுப்பைத்தான் பார்த்திருக்கிறார். அங்கேயும் அது இலையைத் தைத்துத்தான் கூடு கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் ஆய்வு செய்து பார்த்தார்கள். இந்த எறும்பு நிறைய இருக்கும் மரங்களில் பழ ஈயின் சேதம் குறைவாக இருந்தது. சீனாவில் ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் நம் முயிறின் கூட்டைக் காசு கொடுத்து வாங்கி மரத்தில் கட்டிய வழக்கம் ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்து மக்கள் இதை அரைத்துத் துவையல் செய்வார்கள். அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

தம்பி மகன் எதற்கு மருந்து வாங்கி வைத்திருந்தானோ, அது அவன் தோப்புக்குச் சம்பளம் இல்லாமல் காவல் இருந்தது. முயிறு முழுக்க நல்ல பிள்ளை என்றும் சொல்ல மாட்டேன். மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் அது பால் கறக்கும் மாடு மாதிரி காத்து வளர்க்கும். காய் பறிக்க ஏறுகிறவரைக் கடித்து எடுத்துவிடும். ஆனாலும் லாபம் எது நஷ்டம் எது என்று கணக்குப் பார்க்கக்கூட முதலில் அது யார் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கால் கழுவ நின்றேன். தொட்டியின் ஓரத்துக் கல்லுக்கு அடியில் மெலிந்த மஞ்சள் எறும்புகள் சில ஓடின. நேராக ஓடவில்லை. நாலு அடி போய், திரும்பி, சுற்றி, மறுபடி வேறு பக்கம். கால்கள் உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளம். பிடித்துக் குளிர வைத்துப் பார்த்தோம். கணு ஒன்று. கொம்புத் துண்டுகளை அவனே எண்ணினான். பதினொன்று.

அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப வந்துடுச்சா பெரியப்பா?"

இந்தக் கேள்விக்குப் பதில் லென்ஸில் இல்லை. பெயரில் இருக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

இந்த எறும்பின் இன்றைய பெயர் அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ். மஞ்சள் கிறுக்கு எறும்பு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், அது ஓடும் ஓட்டத்துக்காக. கிராசிலிபெஸ் என்றால் மெலிந்த கால். வாலஸ் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கும், டார்வினோடு சேர்த்துப் படித்தீர்கள். அவர் தென்கிழக்கு ஆசியாவில் சேகரித்து அனுப்பிய பூச்சிகளை லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஃப்ரெடெரிக் ஸ்மித். சிங்கப்பூரிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து 1857-ல் ஸ்மித் இந்தப் பெயரை வைத்தார். இதை மட்டும் படித்தால் சிங்கப்பூர்ப் பக்கத்து எறும்பு எப்போதோ கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்தது என்றுதான் தோன்றும்.

ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1851-ல், இதே எறும்பை ஒருவர் விவரித்துப் பெயரும் வைத்துவிட்டார். அவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். பறவை பார்க்கிறவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். மருத்துவ வேலைக்கு நடுவே எறும்பையும் விட்டுவைக்கவில்லை. தென்னிந்தியாவில் காணப்படும் எறும்புகளின் பட்டியல் ஒன்றை எழுதிச் சென்னையில் வெளிவந்த ஓர் அறிவியல் இதழில் அச்சிட்டார். அதில் இந்த எறும்புக்கு அவர் வைத்த பெயர் ஃபார்மிக்கா லாங்கிபெஸ். நீண்ட கால் என்று பொருள். இரண்டு பேர், இரண்டு ஊர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே, கண்ணில் முதலில் பட்டது என்னவோ கால்தான்.

முந்தி வைத்தவர் பெயர்தானே நிற்க வேண்டும்? விதி அப்படித்தான். அதனால் நூறு வருஷத்துக்கும் மேலாக லாங்கிபெஸ் என்றே எழுதி வந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஃபார்மிக்கா லாங்கிபெஸ் என்ற அதே பெயரை லாட்ரெய் 1802-லேயே வேறு ஓர் எறும்புக்கு வைத்துவிட்டிருந்தார். நம் வகுப்பில் இரண்டு செந்தில்குமார் இருந்தால் இனிஷியலைப் போட்டுச் சமாளிப்போம். அறிவியலில் அது நடக்காது. வருகைப் பதிவேட்டில் முதலில் ஏறியவனுக்குத்தான் பெயர், அடுத்தவன் வேறு பெயர் தேட வேண்டும். பாரி போல்டன் என்பவர் உலக எறும்புகள் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பட்டியல் தொகுத்து 1995-ல் வெளியிட்டார். அதில் இந்தக் கணக்கு நேராக்கப்பட்டது. ஜெர்டனின் பெயர் கழிந்தது, அடுத்து வரிசையில் நின்ற ஸ்மித்தின் பெயர் வந்தது.

முதல் பெயர் மாதிரியே குடும்பமும் மாறியது. ஜெர்டன் ஃபார்மிக்காவில் சேர்த்தார். 1903-ல் பிங்ஹாம் எழுதிய பிரிட்டிஷ் இந்திய எறும்பு நூலில் பார்த்தால் ப்ளேஜியோலெபிஸ் என்று இருக்கும். இப்போது அனோப்ளோலெபிஸ். இந்தக் குடும்பத்தில் மற்ற அத்தனை பேரும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள். இவன் ஒருவன் மட்டும் ஆசியா, பசிபிக் தீவுகள் என்று சுற்றுகிறான்.

எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் 1851 கண்ணில் படாது. பழைய பெயர்களையும் தெரிந்துகொண்டு தேடினால்தான், இந்த எறும்பு தென்னிந்தியாவில் நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது என்பது தெரியும். ஆக, தம்பி மகன் கேட்ட கேள்விக்குப் பதில்: "அது நேத்து வரலைப்பா. உன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்து தெற்கே இருக்கு. இருக்கிறது பயம் இல்லை. எவ்வளவு இருக்குன்னுதான் பாக்கணும்."

எவ்வளவு என்பதைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவு. கோடிக்கணக்கில் சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடந்து போகும் படம் பார்த்திருப்பீர்கள், அந்தத் தீவுதான். 1989-ல் அங்கே இந்த எறும்பின் மாபெரும் கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு சண்டை போடாமல், ஒன்றாகி, காடு முழுக்கப் பரவியது. பல லட்சம் அல்ல, கோடி என்று எண்ணும் அளவுக்கு நண்டுகள் செத்தன. அங்கே ஆட்கள் காட்டில் நடந்து போய், தரையில் ஓர் அட்டையை வைத்து, அரை நிமிஷத்தில் எத்தனை எறும்பு அதைத் தாண்டுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏறினால்தான் அந்த இடத்துக்கு மருந்து.

நாங்களும் அதையே செய்தோம். ஒரு கல்யாணப் பத்திரிகையை விரித்துத் தொட்டி ஓரம், கொட்டகை, மாட்டுக்கொட்டில், வேலிக்கால் என்று எட்டு இடத்தில் வைத்து அவன் போனில் நேரம் பார்த்தான், நான் எண்ணினேன். ஒன்று, மூன்று, பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், நான்கு. அதிகபட்சமே நான்கு. கரந்தமலையில் நின்ற இடத்தில் கால் மறைந்தது என்றார்கள்.

"இப்ப என்ன பண்ணலாம் பெரியப்பா?"

"மாசத்துக்கு ஒரு தடவை இதே எட்டு இடத்துல எண்ணி ஒரு நோட்டுல எழுது. கூடினா சொல்லு. மருந்தைக் கடையில திருப்பிக் கொடு."

கடைக்காரர் பாதிப் பணம்தான் கொடுத்தாராம். அதற்கும் என்னைத்தான் திட்டினான்.

கிறிஸ்துமஸ் தீவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரிவதால் என்ன பயன் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதலில் ஹெலிகாப்டரில் இருந்து நஞ்சு கலந்த இரையைத் தூவினார்கள். எறும்பு குறைந்தது, மறுபடி ஏறியது. பிறகு கேட்டார்கள், இவ்வளவு எறும்புக்கு அங்கே சோறு எங்கிருந்து வருகிறது? மரத்தில் ஒரு செதில்பூச்சி இனிப்பு நீர் விட்டுக்கொண்டிருந்தது. அது என்ன செதில்பூச்சி என்று பெயர் கண்டுபிடித்தார்கள். நம் அரக்குப் பூச்சிக்குச் சொந்தக்காரன். அது தீவுக்குச் சொந்தம் இல்லை, வெளியிலிருந்து வந்தது. அப்படியானால் அதன் சொந்த ஊரில் அதற்கு எதிரி யார் என்று தேடினார்கள். மலேசியாவில் ஒரு குளவி கிடைத்தது. கொசு அளவுகூட இல்லை, மனிதரைக் கொட்டாது. அந்தச் செதில்பூச்சிக்குள் முட்டையிடும். 2016 டிசம்பரில் அந்தக் குளவியைத் தீவில் விட்டார்கள்.

அந்தக் குளவிக்கு 1923-லேயே பெயர் வைத்தவர், அரக்குப் பூச்சிகளை ஆராய்ந்த அறிஞர் மஹ்திஹஸ்ஸன். அவர் அன்று அதை எழுதி வைத்தபோது நண்டைப் பற்றி நினைத்திருப்பாரா? தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்து ஒரு தீவுக்கு அது வேண்டியிருந்தது. எறும்பு, செதில்பூச்சி, குளவி என்று மூன்றில் ஒன்றின் பெயர் தவறாக இருந்திருந்தாலும், வேறு எதையோ கொண்டுவந்து விட்டு, இருக்கிற தொல்லையோடு இன்னொன்றையும் சேர்த்திருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் வகைப்பாட்டியல் பாடம் வந்தால் நீங்கள் கொட்டாவி விட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, வெளியே வந்ததும் மறந்தீர்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்த ஏணி யாருக்காக என்றால், தம்பி மகன் மாதிரி சாயங்காலத்துக்குள் முடிவு எடுக்க வேண்டியவர்களுக்காக. ஒரு பூச்சியைப் பற்றி இருநூறு வருஷமாக யார் யார் என்னென்ன பார்த்தார்களோ, அத்தனையும் அதன் பெயருக்குக் கீழேதான் சேர்த்து வைத்திருக்கிறது. சரியான பெயரைச் சொன்னால் அந்தக் கதவு திறக்கும். தப்பான பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும், அங்கே இருக்கிற மருந்தைக் கொண்டுவந்து நம் வீட்டில் ஊற்றுவோம்.

நம் ஊர்ப் பெயர்களைக் குறைவாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சித்தேரியில் மலையாளி மக்களோடு காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். எந்த எறும்பு கடிக்கும், எது கடிக்காது, எது ஏறினால் மழை என்று அவர்களுக்கு ஒரு வகைப்பாடு உண்டு. வீட்டில் நம் பாட்டிமாருக்கும் இருந்தது. கட்டெறும்பு, சுள்ளெறும்பு, கடிக்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கறுப்புப் பிள்ளையார் எறும்பு. முதல் பிரிப்பு அதுதான். அதில் தொடங்கித்தான் லென்ஸுக்குப் போக வேண்டும். இப்போது அந்தப் பெயர்களும் போய், லென்ஸும் வராமல், நடுவில் வீடியோ மட்டும் நிற்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

ஆகவே, உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயாவது சந்தேகமான எறும்பு கூட்டமாகத் தெரிந்தால் உடனே மருந்து வாங்கப் போகாதீர்கள். நான்கைந்து எறும்பைப் பிடித்து ஒரு சின்னக் குப்பியில் போட்டு, தண்ணீர் மாதிரி இருக்கும் சானிடைசரை ஊற்றுங்கள். ஜெல் வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த இடம், மரமா தரையா, என்ன தேதி, யார் பிடித்தது. பேனா மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. அந்தத் தாளையும் குப்பிக்குள்ளேயே போடுங்கள். இது முக்கியம். ஜெர்டன் விவரித்த எறும்புகள் பலவற்றின் மாதிரி இன்று எங்குமே இல்லை. அவர் எழுதிய சில வரிகளை வைத்துக்கொண்டு இது அதுதானா என்று பின்னால் வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எழுத்து இருந்து எறும்பு இல்லாவிட்டால் அப்படி. எறும்பு இருந்து எழுத்து இல்லாவிட்டால் அதைவிட மோசம், ஊர் தெரியாத செத்த எறும்பு யாருக்கும் உதவாது.

போனில் படம் எடுப்பதானால் மேலிருந்து எடுக்காதீர்கள். பக்கவாட்டில் எடுங்கள், அப்போதுதான் இடுப்பு தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பலாம். தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் குப்பியோடு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். வெளியூரில் இருப்பவர்கள் பக்கத்து வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறையைக் கேளுங்கள். அஜய் நரேந்திரா, சுனில் குமார் என்ற இருவர் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 2006-ல் எழுதிய ஒரு கையேடு உண்டு, படங்களோடு. பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கும்போது அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு லென்ஸ். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் விலை வராது.

சித்தேரிக்கு வந்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். மலையில் ஆடு மேய்க்கும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். அப்படி ஒரு கூட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணச் சொல்லி அட்டையும் கொடுத்திருக்கிறேன். அந்த வீடியோவை அனுப்புகிறவர்கள் இந்தப் பதிவையும் சேர்த்து அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

தம்பி மகனின் நோட்டில் இதுவரை பதினோரு மாசம் ஏறியிருக்கிறது. அதிகபட்சம் ஏழு, அது ஆடி மாசம். மாங்காய் பறித்த அன்று ஆட்கள் கையிலும் காலிலும் சாம்பல் பூசிக்கொண்டு ஏறினார்கள், அப்படியும் முயிறு நாலு பேரைக் கடித்துவிட்டது. சாயங்காலம் ஒரு கூடை செந்தூராவைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். கூடையில் மூன்று முயிறும் வந்திருந்தன. பேத்தி லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்,
அரூர்.